மண்ணுக்குள் உறங்கும் ஒயின்... ஜார்ஜியாவின் குடும்பத் தோட்டங்களில் ஒரு ருசிப் பயணம்!

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில், குன்றின் மேல் ஒரு தாய் நிற்கிறாள். 20 மீட்டர் உயரச் சிலை. இடது கையில் ஒயின் கிண்ணம், வலது கையில் வாள். நட்போடு வருபவருக்குக் கிண்ணம். பகையோடு வருபவருக்கு வாள். 1958-ல் நிறுவப்பட்ட இந்த 'ஜார்ஜியத் தாய்' சிலையைப் பார்த்தாலே, அந்த நாட்டுக்கும் ஒயினுக்கும் உள்ள உறவு புரிந்துவிடும்.

மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளால் நம்மூர் வீடுகளுக்கும் ஜார்ஜியா இப்போது பழகிய பெயர்தான். பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோரும், சுற்றுலா செல்வோரும் திபிலிசியிலிருந்து தவறாமல் போய்வரும் இடம், கிழக்கே இருக்கும் ககேதி மாகாணம். ஜார்ஜியாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி இங்கேதான். கொம்போரி மலைப்பாதை வழியாகத் தெலாவி நகரத்துக்கு இரண்டு மணி நேரப் பயணம். மலையிலிருந்து இறங்கினால் அலசானி ஆற்றுச் சமவெளி. அதற்கு அப்பால், பனி மூடிய காகசஸ் மலைத்தொடர். நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை திராட்சைக் கொடிகள்.

பெரிய தொழிற்சாலைகள், கண்ணாடிக் கட்டடங்கள், பேருந்து பேருந்தாக வந்து இறங்கும் பயணிகள் எல்லாம் இங்கேயும் உண்டு. ஆனால், ககேதியின் உண்மையான ருசி குடும்பங்கள் நடத்தும் சின்னச் சின்ன ஒயின் வீடுகளில்தான் இருக்கிறது.

தாழிக்குள் நடப்பது என்ன?

வீட்டை ஒட்டியே ஓர் அறை. பெயர் 'மரானி'. உள்ளே போனால் பீப்பாய்களைத் தேடாதீர்கள். தரையில் வட்ட வட்டமாகச் சில மூடிகள் மட்டும் தெரியும். ஒவ்வொரு மூடிக்கும் கீழே, கழுத்து வரை மண்ணில் புதைக்கப்பட்ட ஒரு பெரிய மண்தாழி இருக்கிறது. இதுதான் 'க்வெவ்ரி'. ஆள் உள்ளே இறங்கி நிற்கும் அளவுக்குப் பெரியவையும் உண்டு. ஆயிரம், இரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும்.

செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. 'ரித்வெலி' என்பது அதன் பெயர். நம்மூர் கதிர் அறுப்பு போல, ஊரில் இருக்கும் உறவுகளெல்லாம் ஒன்றுகூடும் காலம். பறித்த பழங்களைக் குடைந்த மரத்தொட்டியில் கொட்டி மிதிப்பது பழைய முறை. இப்போது பல வீடுகளில் சிறிய அரவை இயந்திரம் வந்துவிட்டது. சாற்றோடு தோல், விதை, சில சமயம் காம்பையும் சேர்த்தே தாழியில் இறக்குகிறார்கள். பழத்தோலில் இருக்கும் இயற்கை ஈஸ்ட்டே சாற்றை நொதிக்க வைக்கிறது. மேலே மிதந்து வரும் தோல்களை ஒரு நாளைக்குப் பல முறை கழியால் அமுக்கிவிட வேண்டும். நொதித்தல் அடங்கியதும் வாயை இறுக்கமாக மூடிவிடுவார்கள். திறப்பது வசந்த காலத்தில்.

அடி கூம்பிய முட்டை வடிவம் அழகுக்காக வந்ததல்ல. கனமான விதைகள் முதலில் கூம்பின் அடியில் போய்த் தங்கும். அதன்மேல் தோல் படியும். விதையின் கசப்பு ஒயினில் அதிகம் இறங்காது. சுற்றியிருக்கும் மண், வெயிலையும் குளிரையும் உள்ளே விடாது. உட்புறம் பூசிய தேன்மெழுகு கசிவைத் தடுக்கும். மின்சாரம் தேவைப்படாத குளிர்சாதனப் பெட்டி!

திபிலிசிக்குத் தெற்கே உள்ள புதிய கற்கால ஊர்களில் கிடைத்த பானை ஓடுகளை ஆராய்ந்தவர்கள், சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஒயின் இருந்ததற்கான தடயங்களை 2017-ல் வெளியிட்டார்கள். க்வெவ்ரி முறையை 2013-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

துவர்ப்பு தெரிந்த நாக்கு

ருசி பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வெள்ளைத் திராட்சை ஒயின், பிறகு சிவப்பு, கடைசியில் கடுமையானது.

முதல் கோப்பையே ஆச்சர்யம் தரும். 'ரிகட்சிதெலி' என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயின், வெளிறிய மஞ்சளில் இருக்காது. ஆறேழு மாதம் தோலோடு ஊறியதால் தேன் நிறத்தில், சில வீடுகளில் கட்டன் சாயா நிறத்தில் இருக்கும். கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பாருங்கள். மெல்லச் சுழற்றி முகர்ந்து பாருங்கள். காய்ந்த ஆப்ரிகாட், வால்நட், தேன், கொஞ்சம் மண்வாசம். ஒரு மிடறு வாயில் வைத்துச் சுழற்றினால் நாக்கின் இருபுறமும் பிடிக்கும் ஒரு துவர்ப்பு.

வெள்ளை ஒயின் என்றால் லேசாக, புளிப்பாக இருக்கும் என்று பழகியவர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பதுண்டு. நமக்கு அந்தச் சிக்கல் குறைவு. துவர்ப்பை ஆறு சுவைகளில் ஒன்றாக எண்ணி, வாழைப்பூவையும் நெல்லிக்காயையும் விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் அல்லவா நாம்!

அடுத்தது 'சபெராவி'. பெயருக்கே 'சாயம்' என்றுதான் பொருள். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளைப் பிழிந்தால் சாறு வெளிறித்தான் வரும். சபெராவியின் சதையே சிவப்பு. மேசைவிரிப்பில் சிந்தினால் லேசில் போகாது. கடைசியாக வருவது 'சாச்சா'. ஒயின் எடுத்த சக்கையைக் காய்ச்சி வடிப்பது. சந்தேகமே வேண்டாம், சாராயமேதான். நாற்பது சதவிகிதத்துக்கு மேல் ஆல்கஹால்.

எல்லாவற்றையும் குடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. ருசித்துவிட்டுத் துப்பலாம், மிச்சத்தைக் கொட்டலாம். அதற்கென்றே மேசையில் பாத்திரம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு கோப்பை, ஒரு வாழ்த்து

வெறும் வயிற்றில் இங்கே யாரும் கோப்பையை நீட்ட மாட்டார்கள். தந்தூரி அடுப்பு போன்ற 'தோனே'யில் சுட்ட ரொட்டி, உப்புப் பாலாடைக்கட்டி, தக்காளி வெள்ளரி சாலட், கத்திரிக்காயில் வால்நட் விழுது தடவிய பதார்த்தம், திராட்சைக் கொடியின் கிளைகளை எரித்த தணலில் வாட்டிய இறைச்சி என மேசை நிறைந்துவிடும். சைவம் சாப்பிடுகிறவர்களும் வயிறு நிறைய எழுந்திருக்கலாம்.

இந்த விருந்துக்கு 'சுப்ரா' என்று பெயர். அதை நடத்த ஒரு தலைவர் உண்டு. அவர் 'தமாதா'. அவர் எழுந்து வாழ்த்துச் சொன்ன பிறகே மற்றவர்கள் கோப்பையை எடுப்பது மரபு. சமாதானத்துக்கு, நாட்டுக்கு, மறைந்த முன்னோர்களுக்கு, குழந்தைகளுக்கு, வந்திருக்கும் விருந்தாளிக்கு என ஒவ்வொன்றாக வாழ்த்து வரும். எல்லோரும் 'கௌமர்ஜோஸ்' என்பார்கள். 'வெற்றி உண்டாகட்டும்' என்று பொருள்.

இதை வைத்து ஜார்ஜியர்கள் எல்லோரும் அளவோடு குடிப்பவர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். வாழ்த்துகள் நீண்டால் கோப்பைகளும் நீளும். குடி அங்கேயும் குடும்பங்களைப் பாதிக்கிறது. ஆனாலும் தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் இருக்கும் மேசையில், பேச்சோடும் உணவோடும் சேர்ந்தே கோப்பை நகர்கிறது.

வீட்டுக் கொடி காப்பாற்றியது

8,000 ஆண்டு மரபு என்று பெருமையாகச் சொல்கிறோம். அது கடந்த நூற்றாண்டிலேயே அறுந்துபோயிருக்க வேண்டியது.

ஜார்ஜியாவில் 500-க்கும் மேற்பட்ட நாட்டுத் திராட்சை ரகங்கள் உண்டு. சோவியத் ஆட்சியில் ஒயின் அரசுத் தொழிற்சாலைகளுக்குப் போனது. விளைச்சல் அதிகம் தரும் ஒருசில ரகங்களே போதும் என்றானது. தாழிகளுக்குப் பதில் பெரிய தொட்டிகள் வந்தன. 1985-ல் கோர்பச்சேவ் கொண்டுவந்த மதுவிலக்குப் பிரசாரத்தில் ஏராளமான தோட்டங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. சுதந்திரம் வந்த பிறகும் நிம்மதியில்லை. 2006-ல், தரம் சரியில்லை என்று சொல்லி ஜார்ஜிய ஒயினுக்கு ரஷ்யா தடை போட்டது. அதுவரை ஏற்றுமதியில் பெரும்பகுதி ரஷ்யாவுக்கே போய்க்கொண்டிருந்தது. தடை விலகியது 2013-ல்தான்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டுக் கொல்லையில் சில வரிசைக் கொடிகளையும், தரைக்குள் ஒன்றிரண்டு தாழிகளையும் விடாமல் வைத்திருந்தவை சாதாரணக் குடும்பங்கள். விற்பதற்காக அல்ல. மகளின் கல்யாணத்துக்கு, மகனின் ஞானஸ்நானத்துக்கு, பெரியவர் காரியத்துக்கு வீட்டு ஒயின் வேண்டும், அவ்வளவுதான். ரஷ்யச் சந்தை மூடியதும், தரமான ஒயினைத் தேடும் வேறு நாடுகளின் பக்கம் ஜார்ஜியா திரும்பியபோது, காட்டுவதற்கு அவர்களிடம் இருந்த தனிச் சொத்து இந்த வீட்டுத் தாழி ஒயின். இன்று லண்டன், நியூயார்க், டோக்கியோ உணவகங்களில் அது பரிமாறப்படுகிறது.

அடுத்த தலைமுறை?

இன்றும் ஜார்ஜிய ஒயினில் பெரும்பகுதி இரும்புத் தொட்டிகளில்தான் தயாராகிறது. தாழி ஒயினின் பங்கு மிகச் சிறியது. காரணம், உழைப்பு. ஒவ்வோர் ஆண்டும் தாழிக்குள் இறங்கியோ, செர்ரி மரப்பட்டையால் செய்த நீளமான பிரஷ்ஷை விட்டோ தேய்த்துக் கழுவ வேண்டும். கொஞ்சம் அழுக்கு தங்கினாலும் மொத்த ஒயினும் வினிகராகிவிடலாம்.

தாழி வனையும் குயவர்களும் குறைந்துவிட்டார்கள். சக்கரம் கிடையாது, மண்ணைத் திரித்து, கையால் அடுக்கி, ஓர் அடுக்கு இறுகிய பிறகே அடுத்ததை ஏற்ற முடியும். பெரிய தாழிக்கு வாரக்கணக்கில் ஆகும். இந்த வேலை தெரிந்த குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. இளைஞர்கள் திபிலிசிக்கும் ஐரோப்பாவுக்கும் வேலை தேடிப் போகிறார்கள். கிராமத்தில் தங்கினால் பிழைக்க முடியும் என்று அவர்களுக்கு நம்பிக்கை தருவது, வாசலில் வந்து நிற்கும் விருந்தாளிதான். ருசி பார்க்கும் கட்டணமும், அங்கே வாங்கும் இரண்டு பாட்டில்களும், அடுத்த ஆண்டும் தாழி நிறைவதற்கு உதவும்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* வீட்டு மரானிகளுக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டுச் செல்லுங்கள். உங்களுக்காகத்தான் சமைக்கிறார்கள்.
* அறுவடையைப் பார்க்க செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை ஏற்ற நேரம்.
* வாடகை காரும் டிரைவரும் அவசியம். ருசி பார்த்தவர் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது.
* ஒரு நாளைக்கு இரண்டு வீடுகள் போதும்.
* குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். நூலில் கோத்த வால்நட்டைக் கெட்டியான திராட்சைக் கூழில் முக்கி உலர்த்தும் 'சுர்ச்சேலா'வை, பார்க்க மெழுகுவத்தி போல இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு வாங்கிவர அதைவிட நல்ல தின்பண்டம் ககேதியில் இல்லை.
* 'ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது' என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கும்.)