வயலிற் சேரும் கட்மியமும் ஆசனிக்கும்

கட்மியம், ஆசனிக்கு, ஈயம் என்பன மண்ணிற் சேர்ந்தால் உக்கியோ எரிந்தோ அழிவதில்லை. பயிர் செழித்து நல்ல விளைவைத் தரும்போதே நெல்மணியில் நஞ்சு ஏறியிருத்தல் கூடும். ஆகையால் இவை வயலிற் சேராது தடுத்தலே சிறந்த முறையாகும்.

யப்பானில் நேர்ந்தது

யப்பானிலே கமியோக்கா என்னும் நாக, ஈயச் சுரங்கத்தின் கழிவு ஜின்சு ஆற்றிற் கலந்தது. அந்நீர் பாய்ந்த வயல்களிற் கட்மியம் சேர்ந்தது. அங்கு விளைந்த அரிசியை உண்டும் ஆற்று நீரைப் பருகியும் வந்தோரின் சிறுநீரகங்கள் பழுதுற்றன. எலும்புகள் மென்மையாகி முறிந்தன. இந்நோய்க்குக் கட்மியமே காரணமென 1968இல் யப்பானிய அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 800 எக்டேயருக்கு மேற்பட்ட வயல்களின் மண்ணைச் சீர்செய்யும் வேலை 2012இலேயே முடிவுற்றது.

எமது வயல்களுக்கு எவ்வாறு வரும்?

ஓட்டமாவடியில் அத்தகைய சுரங்கம் இல்லை. ஆயினும் சுரங்கப் பொருள் பசளைப் பையிலும் வரலாம். பொசுபேற்றுப் பாறை நிலத்திலிருந்து அகழப்படுவது. சில நாட்டுப் பாறைகளிற் கட்மியம் இயற்கையாகவே உண்டு. அவற்றாற் செய்யும் ரி. எஸ். பி. பசளையிலும் அது தங்கும். ஒரு போகத்தில் வருவது சிறிதளவே. எனினும் போகந்தோறும் சேரும். வயலிலிருந்து அடித்துச் செல்லப்படும் வண்டல் வாழைச்சேனைக் களப்பையும் அடையும்.

செய்ய வேண்டியவை

1. மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவு பொசுபேற்றுப் பசளையை மட்டும் இடுக. மிகையாக இடுவதாற் பணமும் நட்டமாகும்.

2. பழைய பற்றரிகளை வயலிலோ வாய்க்காலருகிலோ உடைத்தலும் எரித்தலும் ஆகாது.

3. புளிப்பு மண்ணுக்குப் பரிசோதனைப்படி சுண்ணாம்பு இடுக. பயிர் உறிஞ்சும் கட்மியம் குறையும்.

4. கீரை வகைகள் கத்தரி, வெண்டி முதலியவற்றிலும் கூடுதலாகக் கட்மியத்தை ஏற்கும். ஐயமுள்ள நிலத்திற் கீரை பயிரிடாதீர். இலையுள் ஏறியது கழுவினாற் போகாது.

5. நீர் கட்டிய வயலிற் கட்மியம் மண்ணுடன் பிணைந்திருக்கும். ஆசனிக்கோ இளகிப் பயிரைச் சேரும். வயலை உலரவிட்டால் இதன் மறுதலை நிகழும். ஆதலின் எந்த நஞ்சு உள்ளதென்று அறியாது நீர் முறையை மாற்றுதல் தகாது.

ஐயமிருப்பின், மண் பரிசோதனை பற்றிக் கமநல சேவைகள் நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கலந்தாலோசிக்கவும்.