வாங்கியவர்கள் – 14: மிளகு விலையும் ஒரு செல்போன் எண்ணும்

யூடியூபும் இன்ஸ்டாகிராமும் கைமாறிய கதைகள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் ஃப்ளிப்கார்ட்டை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். கொச்சியின் மட்டாஞ்சேரி குறுக்கே வந்துவிட்டது.

அங்கே பஜார் ரோட்டில் நடந்தால் பண்டகசாலைகளின் சுக்கு வாசனையும் மிளகு நெடியும் தெருவரைக்கும் வரும். பக்கத்தில் ஜூ டவுனில் இருக்கிறது, 1957-இல் தொடங்கிய மிளகு வர்த்தகச் சங்கம். ஒருகாலத்தில் தரகர்கள் அதன் கூடத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தித்தான் விலை பேசினார்கள். இப்போது ‘அன்கார்பிள்டு (சுத்தம் செய்யாதது) இவ்வளவு, கார்பிள்டு (சுத்தம் செய்தது) இவ்வளவு’ என்று கொச்சி விலை வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போகிறது. சரக்கின் போட்டோ, லாரி எண், பணம் போட்ட ரசீது எல்லாமே அதில்தான்.

அந்த வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் 2014 பிப்ரவரியில் 1,900 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் 55 பேர். நிறுவனர் ஜான் கூம் சிறுவயதில் அரசு உணவுக் கூப்பனுக்காக வரிசையில் நின்ற அலுவலகம் ஒன்று உண்டு. அதன் வாசலுக்கே போய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

இனி சொல்லப்போவதுதான் இந்த வாரம் என்னை உலுக்கியது. இரண்டு நிறுவனங்களின் பயனாளர் கணக்குகளையும் தானாகவே, நம்பகமாகப் பொருத்திப் பார்க்க முடியாது என்று ஃபேஸ்புக் 2014-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னது. அந்த அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2016 ஆகஸ்டில் வாட்ஸ்அப் எண்ணை ஃபேஸ்புக் கணக்கோடு இணைக்க வழிசெய்யும் புதிய கொள்கை வந்தது. ஆணையம் துருவியது. அப்படிப் பொருத்தும் வழி 2014-லேயே இருந்தது, நிறுவனத்தின் ஊழியர்களுக்கும் அது தெரிந்திருந்தது என்று கண்டது. 2017 மே மாதம் 11 கோடி யூரோ அபராதம் போட்டது. விற்பனை மட்டும் ரத்தாகவில்லை.

செய்திக்குள் இருப்பதைப் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள், உண்மை. ஆனால் யாருடைய எண், எந்த போன், எப்போதெல்லாம் உபயோகிக்கிறார் என்பது பூட்டுக்கு வெளியே நிற்கிறது. 2016-இல் ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தவர்கள் மறுக்க 30 நாள் அவகாசம் இருந்தது. 2021 கொள்கையில் அதுவும் தரப்படவில்லை. சம்மதி, இல்லாவிட்டால் போ. மிளகு வியாபாரி எங்கே போவார்? வாங்குகிறவரும் விற்கிறவரும் அந்த ஒரே குரூப்பில் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் கைமாறியபோது நம் நாட்டின் போட்டிச் சட்டம் நிறுவன இணைப்புகளைச் சொத்தையும் விற்றுமுதலையும் வைத்தே அளந்தது. ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்த செயலிக்குப் பெரிய விற்றுமுதல் ஏது? 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பேரங்களை அவற்றின் மதிப்பை வைத்தும் ஆராயும் விதி 2024 செப்டம்பரில்தான் அமலானது. அந்த நவம்பரில் போட்டி ஆணையம், மெட்டா என்று பெயர் மாறியிருந்த ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு அந்த 2021 கொள்கைக்காக 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காகத் தரவு பகிர ஐந்தாண்டுத் தடையும் போட்டது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து தடையை நீக்கிவிட்டது. தடை நின்றிருக்க வேண்டும் என்பதே என் கட்சி. அபராதத்தை அந்த நிறுவனம் கட்டிவிட்டுப் போகும். தடைதான் மட்டாஞ்சேரி வியாபாரியின் எண்ணைக் காத்திருக்கும்.

ஃப்ளிப்கார்ட்டின் 77 சதவீதத்தை 1,600 கோடி டாலருக்கு வால்மார்ட் வாங்கிய 2018 பேரமும், கூடவே அதன் கைக்குப் போன போன்பேயும் அடுத்த வாரம்.