செய்தித் தொடர்புப் பட்டத்தின் பெறுமானம்

பிளஸ் டூ பரீட்சை முடிவுகள் வெளியானவுடன் நம் நாட்டில் பல குடும்பங்களில் ஒரு வாக்குவாதம் எழுகிறது. பிள்ளை, “இதழியல் படிக்கப் போகிறேன்” என்கிறான். அல்லது, “விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கப் போகிறேன்” என்கிறான். தகப்பனாரோ, “அதைப் படித்தால் ஜீவனம் நடக்குமா?” என்று வினவுகிறார். இவ்விதம் கேட்பதற்காக அவரைப் பழமைப் பித்தர் என்று ஏளனம் செய்வது நியாயமன்று. கடன்பட்டுக் கட்டணம் செலுத்தப் போகிறவர் அவரே. ஆதலின் அவர் கேள்விக்கு நேரான விடை கூறுவது நமது கடமையாகும்.

பட்டமின்றியும் நுழையலாம்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக உணர வேண்டும். வைத்தியப் பட்டம் பெறாதவன் வைத்தியம் செய்தால் சட்டம் தண்டிக்கும். சட்டப் பட்டம் இல்லாதவன் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. பத்திரிகைத் தொழிலுக்கோ விளம்பரத் தொழிலுக்கோ அத்தகைய வேலி கிடையாது. 1882ஆம் ஆண்டில் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1904ஆம் ஆண்டில் அப்பத்திரிகையில் உதவி ஆசிரியராக அமர்ந்த பாரதியார் மதுரையில் தமிழாசிரியர் வேலை பார்த்தவர். கல்கி கிருஷ்ணமூர்த்தி ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டுப் பள்ளிப் படிப்பையே துறந்தவர்.

அமெரிக்காவில் மிஸௌரி சர்வகலாசாலை 1908ஆம் ஆண்டில் இதழியல் கல்லூரியை ஏற்படுத்தியது. நம் நாட்டில் 1941ஆம் ஆண்டில் லாகூரிலும், 1947ஆம் ஆண்டில் சென்னையிலும் இக்கல்வி வேரூன்றியது. 1965ஆம் ஆண்டில் டில்லியில் இதற்கெனவே ஒரு ஸ்தாபனம் அமைந்தது. தொழில் முன்னே தோன்றியது. பட்டம் பின்னே வந்தது. ஆகையால் இப்பட்டம் தொழிலுக்கு ஓர் அனுமதிச் சீட்டு என்று எண்ணுவது தவறு.

கணக்குப் பார்ப்போம்

ஒரு மாணவன் கட்டணத்திற்கும் விடுதிச் செலவுக்குமாக 5 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 10 வட்டி. பத்து ஆண்டுத் தவணை. படிப்புக் காலத்து வட்டியைச் சேர்க்காமலே மாதந்தோறும் சுமார் 6,600 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டிய தொகை ஏறக்குறைய 7 லட்சத்து 93 ஆயிரம் ஆகிவிடும். முதல் வேலையில் அவனுக்கு 20,000 ரூபாய் சம்பளம் எனில் மூன்றில் ஒரு பங்கு வங்கிக்கே போய்விடுகிறது. மிச்சத்தில் பட்டணத்து வாடகை போக அவன் உண்பது எதை? பெற்றோருக்கு அனுப்புவது எதை?

இதே பாடத்தை அரசாங்க உதவி பெறும் வகுப்பிலோ சர்வகலாசாலைத் துறையிலோ குறைந்த செலவில் கற்றவனுக்கு இந்தச் சுமை இல்லை. இருவர் பட்டமும் ஒன்றே. இருவர் வாழ்வும் ஒன்றல்ல. பட்டத்தின் பெறுமானத்தை நிர்ணயிப்பதில் அதற்குக் கொடுத்த விலைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

வருமானமும் நிலையானதன்று. பத்திரிகை ஊழியர்களுக்கென வகுத்த மஜீதியா ஊதியக் குழுவின் சிபாரிசுகளை அரசாங்கம் 2011ஆம் ஆண்டில் ஏற்றது. சுப்ரீம் கோர்ட்டு 2014ஆம் ஆண்டில் உறுதி செய்தது. பின்னரும் அச்சம்பளத்திற்காக ஊழியர்கள் வழக்காட நேர்ந்தது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவி விளம்பர வருமானம் சுருங்கியபோது பலர் வேலையிழந்தனர். பெரிய கம்பெனிகளின் விளம்பர, மக்கள் தொடர்புப் பகுதிகளில் நல்ல சம்பளம் பெறுவோரும் உண்டு. ஆனால் அங்கும் எழுத்துத் திறமையும் மொழித் திறமையுமே ஒருவனை உயர்த்துகின்றன.

பட்டம் வீணா?

அங்ஙனமாயின் இப்படிப்பே வீண் என்கிறோமா? அன்று. காமிராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் சொந்தமாக வாங்க இயலாத மாணவன் கல்லூரியில்தான் அவற்றைக் கையாளப் பழகுகிறான். அவதூறுச் சட்டம் இன்னதென்று அறிகிறான். அவன் எழுதியதை ஒருவர் திருத்தித் தருகிறார். இத்துறையில் ஆசிரியராக விரும்புவோருக்கு முதுநிலைப் பட்டம் இன்றியமையாதது. முதலில் பொருளாதாரமோ சட்டமோ கற்று, பின்னர் ஓராண்டு டிப்ளமோ பெறுவதும் நல்ல வழியே. எழுதத் தெரிந்தவனுக்கு எழுத விஷயமும் வேண்டுமல்லவா?

எனவே சேருமுன் கல்லூரியாரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மொத்தச் செலவு எவ்வளவு? சென்ற ஆண்டு தேறியவர்கள் எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? கற்பிப்போரில் தொழில் செய்தவர் எத்தனை பேர்? பளபளக்கும் விளம்பரத் தாளை நீட்டி இவற்றுக்கு விடை மறுக்கும் இடத்தில் பணத்தைக் கட்டலாகாது.

நாட்டின் நஷ்டம்

இது குடும்பக் கணக்கு மட்டுமன்று; நாட்டின் கணக்குமாகும். பல லட்சம் செலவிட வல்லவரின் பிள்ளைகளே இத்தொழிலில் நுழைய முடியும் என்றாகிவிட்டால், ரேஷன் கடை வரிசையையும் வறண்ட கண்மாயையும் நேரில் அறிந்தவர் செய்தி எழுத இடமிராது. ஏழையின் குறையை ஏழை வீட்டுப் பிள்ளை எழுதும் வாய்ப்பு அடைபடுமாயின் நஷ்டம் அவனுக்கு மட்டுமோ? அரசாங்கமும் சர்வகலாசாலைகளும் குறைந்த கட்டண வகுப்புகளைப் பெருக்க வேண்டும். பத்திரிகை முதலாளிகள் பயிற்சிக் காலத்திற்குச் சம்பளம் அளிக்க வேண்டும். பெற்றோர் கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் கணக்குப் பார்க்க வேண்டும். பட்டம் பெற்ற பின் பார்க்கும் கணக்கால் பயனில்லை.