கூரையில்லாக் கல்பட்டறை

ஆவடியிலிருந்து திருவள்ளூர் போய், பூண்டி ஏரியைத் தாண்டினால் அத்திரம்பாக்கம். கொசஸ்தலையாற்றுப் படுகையிலுள்ள சின்ன ஊர். 1863-இல் நிலவியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் இங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள்.

கூரையோ சுவரோ கிடைக்கவில்லை. ஆனாலும் கல் தொழிலாளர்கள் உட்கார்ந்து வேலை பார்த்த இடம்தான் இது. பெரிய குவார்ட்சைட் சில்லுகளை வேறிடத்தில் பெயர்த்துக் கொண்டுவந்து, இங்கே ஓரங்களைத் தட்டித் தட்டிக் கூராக்கியிருக்கிறார்கள். அப்போது தெறித்த சிறு சில்லுகளும் களிமண்ணுக்குள் கிடந்தன. கோடரியைவிட அந்தச் சில்லுகளே அருமையான சாட்சி!

1999 முதல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அகழாய்வு செய்தார்கள். அடியடுக்குக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என 2011-இல் அறிவித்தார்கள்.

பூண்டியிலுள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் இப்பகுதிக் கற்கருவிகளை நேரில் பார்க்கலாம்.