மழை இறங்கும் முன் அரிசி ஏறட்டும்

கேமரன் மலையின் முட்டைக்கோசும் தக்காளியும் கோலாலம்பூர், சிங்கப்பூர் வரை போகின்றன. எந்தத் தோட்டத்துப் பாதையில் எத்தனை டன் லாரி ஏறும், அடைமழையில் எந்த வளைவில் மண் சரியும் என்பதெல்லாம் அவற்றை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களுக்கு அத்துப்படி. பேரிடர் நிவாரணம் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டியது இவர்களிடம்தான்.

மலையிலிருந்து இறங்க தாப்பா, சிம்பாங் பூலாய், சுங்கை கோயான் எனப் பல வழிகள் உண்டு. ஆனால் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை ஊர்களைக் கோத்து நிற்பது ஒரே முதன்மைச் சாலை. அதில் ஓரிடம் அடைபட்டால், அடிவாரத்தில் எத்தனை மூட்டை அரிசி காத்திருந்தாலும் தோட்ட லயத்து அடுப்பு எரியாது.

இது வீண் அச்சமில்லை. 2014 நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. 2024 ஜனவரி 26 அதிகாலை, கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலியில் நிலச்சரிவு மியன்மார் தொழிலாளர்கள் ஐவரைப் புதைத்தது.

கொடுப்பது வேறு, சேர்ப்பது வேறு

பேரிடர் நிவாரணத்தில் சுமார் 80 விழுக்காடு, பொருளைத் திரட்டிக் கொண்டு சேர்க்கும் வேலைதான் என்கிறார் இத்துறையின் மூத்த ஆய்வாளர் வான் வாசன்ஹோவ். அந்த வேலை பிசகினால் இரக்கமே சுமையாகிவிடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் அதைக் கண்டோம். லாரி லாரியாக வந்த பழைய துணிகள் எடுப்பாரின்றிச் சாலையோரம் குவிந்தன. மறு மாதமே அங்கே தன்னார்வ அமைப்புகளுக்கென ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைந்தது. எந்தக் குப்பத்தில் என்ன தேவை, யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்ற தகவல் ஓரிடத்தில் சேர்ந்தது. நிவாரணத்துக்குத் திசை காட்டியது அந்தத் தகவல்.

இன்னொரு பாடம் நம் மலேசியாவிலேயே இருக்கிறது. சுபாங்கில் ஐ.நா.வின் நிவாரணக் கிடங்கு இயங்குகிறது. ஆசியான் நாடுகளும் 2012இல் அங்கே ஒரு கிடங்கைத் திறந்தன. பேரிடர் வருமுன்பே கூடாரமும் போர்வையும் தயாராக இருந்தால், வந்த பிறகு கொள்முதலுக்கு அலைந்து நாள்களை இழக்க வேண்டியதில்லை. மலைக்கும் இதே கணக்குதான். அடைபடக்கூடிய ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் இருபுறமும் அரிசி, பால்மாவு, மருந்து, குடிநீர் வடிகட்டி, தார்ப்பாய் இருக்க வேண்டும்.

பெரட்டில் எண்ணியதுபோல

தேயிலைத் தோட்டங்களில் காலைப் பெரட்டில் ஆள் எண்ணுவார்கள். வேலை வாங்க எண்ணிய அந்தக் கணக்கை, உயிர் காக்கவும் எடுக்க வேண்டும். எந்த லயத்தில் கைக்குழந்தை இருக்கிறது, யாருக்கு இன்சுலின் வேண்டும், காய்கறித் தோட்டக் கொட்டகையில் எத்தனை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தூங்குகிறார்கள், உள்ளே பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களின் கிராமத்துக்கு எந்தப் பாதை போகிறது என்று அதில் இருக்க வேண்டும். ஆவணம் உண்டா, இல்லையா என்ற கேள்வி அந்தப் பட்டியலில் வரக் கூடாது. பசிக்குக் கடப்பிதழ் கிடையாது.

அக்டோபர், நவம்பரில் மலையில் மழை வலுக்கும். அதற்குள் தோட்ட நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் லாரி உரிமையாளர்களும் மாவட்ட அலுவலகத்தோடு ஒருமுறை உட்கார்ந்து பேசினால் போதும். காய்கறி ஏற்றி இறங்கும் லாரி வெறுமையாகத் திரும்பி ஏறும் நாளில், இந்த நிவாரண மூட்டைகளை ஏற்றி வரட்டும்.