கடல் இல்லாத ஊரில் உவர் நிலம்

நிலம் உவர்ப்பது கடலோரத்துக்காரர்களின் கவலை. ஆம்பூரும் வாணியம்பாடியும் கடலுக்கு 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. ஆனாலும் இங்கே பாலாற்றை ஒட்டிய சில வயல்களில் கோடை வந்தால் வெள்ளை பூத்துக் கிடக்கும். உப்புதான்.

இயல்பில் இது செம்மண் பூமி, ஆற்றோரம் வண்டல். உப்பைக் கொண்டுவந்தது தோல். உரித்த தோல் அழுகாமலிருக்க அள்ளிப் போடுவது நாம் சாப்பிடும் அதே உப்பு; தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகும். இங்குள்ள தோல் பதனிடும் ஆலைகளில் ஊறவைத்துக் கழுவும்போது அது கழிவுநீரில் கரைந்துவிடும். பல ஆண்டுகள் அந்த நீர் ஆற்றிலும் ஏரியிலும் கலந்து, கிணற்றில் ஊறி, பாசனத்தோடு வயலுக்கு வந்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுதுமோ விளைச்சலுக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது.

தோல் ஆலைக் கழிவில் கெட்ட பெயரெல்லாம் குரோமியத்துக்கு. அது ஆபத்தானதுதான், ஆனால் பதனிடப் பயன்படும் வகை பெரும்பாலும் மண்ணோடு ஒட்டி நின்றுவிடும். பயிரை முதலில் சாய்ப்பது உப்பு. அது மட்கவும் மட்காது.

கெட்ட நிலத்துக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் உண்டு, இரண்டும் வேறு. உவரில் உப்பு மிகுதி: மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. களரில் சோடியம் களித்துகள்களைப் பிரித்துவிடும். மேல்மண் இறுகி, பெய்த மழை உள்ளே இறங்காமல் தேங்கும். உவருக்கு நல்ல நீர் பாய்ச்சி வடித்தால் போதும். களருக்கு ஜிப்சம் வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விரட்டும், பிறகு நீர் அதை அடித்துச் செல்லும். தோல் உப்பும் சோடியம்தான் என்பதால் இங்கே இரண்டும் கலந்தே கிடக்கும். அப்படிப்பட்ட மண்ணை ஜிப்சம் இல்லாமல் வெறும் நீரால் கழுவினால் உப்பு போகும், சோடியம் நிற்கும். நிலம் முன்னைவிட மோசமாகும்.

ஆகவே மண் பரிசோதனையில் கார அமில நிலை, மின் கடத்துதிறன் இரண்டையும் பாருங்கள். முன்னது 8.5-ஐத் தாண்டினால் களர், பின்னது 4 dS/m-ஐத் தாண்டினால் உவர். சீராக்கிய முதல் பருவத்தில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம், அது உப்பைத் தாங்கும். கிணற்று நீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துக் கூடவே கொடுத்துவிடுங்கள். நீரே உப்பாக இருந்தால், ஜிப்சத்துக்குச் செலவழித்த காசை அடுத்த பாய்ச்சலே விழுங்கிவிடும்.