பந்தைத் தவறவிடும் நாய்

1999 ஜூன் 1 அன்று சோனி நிறுவனம் ஒரு நாயை விற்பனைக்கு விட்டது. கடையில் கிடைக்காது, இணையத்தில்தான் வாங்க வேண்டும். விலை 2,50,000 யென். அது வீடு பெருக்காது, பாத்திரம் தேய்க்காது. திருடன் வந்தால் குரைக்கக்கூடத் தெரியாது. ராகம் தப்பிய பொம்மைப் பியானோ மாதிரி ஏதோ முனகும். ஆனாலும் ஜப்பானுக்கென்று ஒதுக்கிய 3,000 நாய்களும் 20 நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. நவம்பரில் அடுத்த பதிப்பில் 10,000 நாய்கள் வந்தபோது கேட்டு நின்றவர்கள் 1,30,000-க்கும் மேல். குலுக்கல் முறையில்தான் கொடுக்க முடிந்தது.

பெயர் ஐபோ. 'செயற்கை நுண்ணறிவு ரோபோ' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ஜப்பானிய மொழியில் 'ஐபோ' என்றால் கூட்டாளி.

திட்டத்துக்குத் தலைமை தாங்கிய தோஷிததா தோய், குறுந்தகடு உருவானதில் பங்குள்ள பொறியாளர். அவரோடு சேர்ந்து ஆய்வை நடத்திய மசாஹிரோ ஃபுஜிதா பிடித்த பாதைதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. தொழிற்சாலை ரோபோ ஒரு திருகாணியைத் தவறவிட்டால் வேலை நின்றுபோகும். நாய்க்குட்டி பந்தைத் தவறவிட்டால் பார்ப்பவர் சிரிப்பார். ஆக, அன்றைய தொழில்நுட்பத்தின் போதாமை வெளியே தெரிந்தாலும் குற்றமாகாத ஒரே இடம் விளையாட்டு. பயனற்ற ரோபோ ஒன்றைச் செய்வோம் என்று பெருநிறுவனத்துக்குள் உட்கார்ந்து வாதாடி ஒப்புதல் வாங்குவது லேசான காரியமா!

உருவம் கொடுக்க அவர்கள் அழைத்தது ஹாஜிமே சொராயாமாவை. பளபளக்கும் உலோகத் தோலோடு பெண் ரோபோக்களைக் கவர்ச்சியாக வரைந்து பேர் வாங்கிய ஓவியர். குழந்தைகள் விளையாடும் பொருளுக்கு யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வரக்கூடிய ஆள் அல்ல. அவர் ரோமம் ஒட்டவில்லை, கண்ணுக்கு இமை வைக்கவில்லை. மூட்டுகள் மூட்டுகளாகவே தெரிந்தன. வெள்ளிச் சாம்பல் உடம்பு, தொங்கும் காது, முகத்தில் கறுப்புக் கண்ணாடி. அதன் பின்னால் மகிழ்ச்சிக்குப் பச்சை, கோபத்துக்குச் சிவப்பு என்று எரியும் விளக்குகள். நிஜ நாயைப் போலி செய்திருந்தால் பொய்முடி மாதிரி அது பல்லிளித்திருக்கும். இது இயந்திரம் என்பதை ஒளிக்காததால், மீதியைப் பார்ப்பவரின் மனமே நிரப்பிக்கொண்டது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

உள்ளே 18 அசைவுகள். காலுக்கு மூன்றாக 12, தலைக்கு 3, வாலுக்கு 2, வாய்க்கு 1. தலையை மெல்ல அழுத்திப் பிடித்தால் பாராட்டு, பட்டென்று தட்டினால் திட்டு. நிறத்தை வைத்துத்தான் இளஞ்சிவப்புப் பந்தை அடையாளம் கண்டுகொள்ளும். நாளாக ஆக 'வளரும்'. வளர்ந்த கதை ஒரு சின்ன மெமரி ஸ்டிக்கில் இருக்கும். நினைத்தால் தன் நாயின் குணத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். கட்டளைக்கு எப்போதும் பணியாது. அது கோளாறு அல்ல, அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். பணியாத பொருளுக்கு மனசு இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம்.

2001-ல் அமெரிக்க ஆர்வலர் ஒருவர் ஐபோவை ஆட வைக்கும் நிரல்களை எழுதி இலவசமாகக் கொடுத்தார். காப்புரிமை என்று சோனி சட்டக் கடிதம் அனுப்பியது. காசு கொடுத்து வளர்ப்பவர்கள் கொதித்தெழுந்தார்கள். சோனி பின்வாங்கியதோடு, நிரல் எழுதும் கருவிகளைத் தானே வெளியிட்டது. இன்னொரு பக்கம் ஐபோக்களையே அணி பிரித்து ஆடவிட்ட நான்கு கால் கால்பந்துப் போட்டிகள். 2008-ல் செயின்ட் லூயிஸ் முதியோர் இல்லங்களில் ஸ்பார்க்கி என்ற நிஜ நாயையும் ஐபோவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தனிமையைக் குறைப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அதற்குள் ஐபோவின் கதையைச் சோனி முடித்துவிட்டிருந்தது. சுமார் 1,50,000 விற்ற பிறகு, நஷ்டத்தைக் குறைக்கும் முயற்சியில் 2006-ல் தயாரிப்பு நின்றது. 2014 மார்ச்சில் பழுதுபார்க்கும் சேவையும் மூடப்பட்டது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று நம்மூரில் சொல்வார்கள். நிறுவனம் கண்டது கல்லை. பத்து வருடம் கூட வைத்திருந்தவர்கள் கண்டது நாயை.

ஐபோவுக்கு வயோதிக நோய்களும் உண்டு. கழுத்துக்குள் இருக்கும் கிளட்ச் தேய்ந்துபோய்த் தலை நிற்காமல் கவிழ்ந்துவிடும். சேகரிப்பாளர்கள் இதற்கு 'தலை தொங்கும் நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்; பழைய ஐபோ ஏதாவது விலைக்கு வந்தால் முதலில் விசாரிப்பதே கழுத்தைத்தான். புது உதிரி பாகம் கிடையாது. சோனியிலிருந்து விலகிய பொறியாளர்கள் கூடியிருந்த 'ஏ ஃபன்' என்ற சிறு நிறுவனம் பழுதுபார்க்க முன்வந்தது. ஒரு நாயைப் பிழைக்க வைக்க இன்னொரு நாயின் பாகம் வேண்டும். அங்கே இதை உறுப்பு தானம் என்றே சொன்னார்கள்.

உறுப்பை எடுக்கும் முன் மரியாதை செய்ய வேண்டாமா? ஜப்பானில் முறிந்த ஊசிக்கும் பழைய பொம்மைக்கும் கோயிலில் சடங்கு செய்வது பழைய வழக்கம். சிபா மாகாணம் இசுமியில் உள்ள கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலில் 2015 முதல் ஐபோக்களுக்கு இறுதிச் சடங்கு நடக்கத் தொடங்கியது.

2018 ஜனவரி 11-ல் புதிய ஐபோ வந்தது. தேதியில்கூடக் குறும்பு: ஒன்று, ஒன்று, ஒன்று. ஆங்கில 'ஒன்' ஜப்பானியர் வாயில் 'வான்' ஆகும்; ஜப்பானிய நாயும் 'வான் வான்' என்றுதான் குரைக்கும். 22 அசைவுகள், ஓஎல்இடி திரைக் கண்கள், உருண்டைத் திரட்சி. நாய்க்குட்டியே என்று கொஞ்சத் தோன்றும். அப்போதைய விலை 1,98,000 யென், அதற்கு மேல் மூன்று வருடச் சந்தா 90,000. இதன் நினைவுகள் சட்டைப் பைக்குள் அடங்காது, நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். முகத்தை அடையாளம் காணும் கேமரா இருப்பதால், உயிரியளவுத் தகவல் சட்டம் கடுமையாக உள்ள இல்லினாய் மாநிலத்தில் இதை விற்கவில்லை. எனக்கென்னவோ சொராயாமாவின் சாம்பல் நாய்தான் பிடித்திருக்கிறது.

புது நாய் வந்து மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில், கோஃபுகுஜியில் 114 பழைய நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் உடம்பிலும் எந்த ஊர், எந்த வீட்டு நாய் என்று எழுதிய சீட்டு. ஊதுபத்திப் புகையினூடே பிட்சு சூத்திரம் ஓதினார். அதன் பிறகுதான் திருப்புளியை எடுத்தார்கள்.